கொழுப்பை எடுத்த இடத்தில் மேடும் பள்ளமும்

லைப்போசக்‌ஷன் செய்துகொள்ள வந்தவரை மேஜையில் படுக்கவைப்பதற்கு முன்னால், நிற்கவைத்து உடம்பில் கோடு போடுவார்கள். சர்ஜன் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, தொப்புளுக்குக் கீழே துருத்தி நிற்கும் இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் வரைவார். அதற்குள் சிறியதாய் இன்னொன்று, அதற்குள்ளும் இன்னொன்று. உள்வட்டத்தில் அதிகமாக எடுக்க வேண்டும், வெளியே வர வரக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று பொருள். ஏற்கெனவே குழிந்திருக்கும் இடங்களில் சாய்கோடுகள் கிழித்துவைப்பார். அங்கே கொழுப்பை உறிஞ்சும் குழலைக் கொண்டுபோகாதே என்று தனக்கே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது.

இதைப் படுக்கவைத்துச் செய்ய முடியாது. படுத்த மறுகணம் தொப்பை இரு பக்கமும் சரிந்துவிடும், தொடையின் மேடு அமுங்கிவிடும். போதாததற்கு, அறுவையின் தொடக்கத்தில் மருந்து கலந்த உப்புநீரை லிட்டர் கணக்கில் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். அந்த இடம் முழுக்க உப்பி விறைத்து நிற்கும். ஆக, எந்த உருவத்தைச் சீர்செய்யப் போகிறாரோ அந்த உருவம் வேலை நடக்கும்போது மருத்துவரின் கண்முன் இருப்பதே இல்லை. தோலில் காய்ந்த மையும், அவருடைய கையும்தான் துணை.

அறுவை முடிந்து சில வாரங்களில், “தடவினால் கட்டி கட்டியாகத் தட்டுப்படுகிறதே, தோல் அலை அலையாக இருக்கிறதே” என்று பலர் கலங்குகிறார்கள். எல்லாக் கட்டிகளும் ஒன்றல்ல. சிலவற்றைக் குழல் உண்டாக்கியிருக்கும். சிலவற்றை உடம்பே, புண்ணை ஆற்றும் முனைப்பில், கட்டியெழுப்பியிருக்கும். இரண்டையும் பிரித்துக்காட்டுவது ஸ்கேனைவிடக் காலண்டர்தான்.

முதலில் கொழுப்பு என்பது என்ன என்று பார்க்க வேண்டும். உறிஞ்சினால் மட்டம் சீராக இறங்கும் ஏதோ ஒரு திரவமாகத்தான் நாம் அதைக் கற்பனை செய்துகொள்கிறோம். உயிருள்ள உடம்பில் அது ஒரு திசு, அதுவும் நல்ல கட்டுமானம் உள்ள திசு. கொழுப்புச் செல் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள உருண்டை. ஏராளமான உருண்டைகள் சேர்ந்து சிறு பொதியாகின்றன. ஒவ்வொரு பொதியையும் சுற்றி நார்ச்சுவர், அந்தச் சுவருக்குள் ரத்தக்குழாய், நரம்பு. சுவர்கள் தோலின் அடிப்பக்கத்தைக் கீழே உள்ள தசையின் உறையோடு இழுத்துக் கட்டியிருக்கின்றன. தையல் போட்ட இலவம்பஞ்சு மெத்தையில் அங்கங்கே பஞ்சை உருவிப் பாருங்கள்: தையல் இருக்கும் இடம் இன்னும் குழியும், பக்கத்தில் பஞ்சு மிஞ்சிய இடம் புடைத்து நிற்கும். தோலின் வழவழப்பு தோலுடைய சொந்தச் சொத்து இல்லை. கீழே இருப்பது கொடுத்த கடன்.

வயிற்றில் இந்தக் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலடுக்குக்கு 18-ஆம் நூற்றாண்டு டச்சு உடற்கூறியலாளர் பீட்டர் காம்பரின் பெயர். அதற்கு அடியில் உள்ள சவ்வுக்கு இத்தாலியர் அன்டோனியோ ஸ்கார்ப்பாவின் பெயர். இன்று ஒவ்வொரு லைப்போசக்‌ஷன் மருத்துவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டிய எல்லைக்கோடு இந்தச் சவ்வுதான். அதற்கு மேலே பொதிகள் சிறியவை, நெருக்கமானவை, சுவர்கள் செங்குத்தானவை. அதற்குக் கீழே பொதிகள் பெரியவை, தளர்வானவை. கீழடுக்கில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் மேலே தெரியாது. மேலடுக்கில் ஒரு தடவை அதிகமாகக் குழலை இழுத்தால் தோலில் வாய்க்கால் விழும். அதனால்தான் தோலுக்குக் கீழே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கொழுப்பை விட்டுவைக்கச் சொல்கிறார்கள். குழலின் துளை எப்போதும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒல்லியாகிவிட வேண்டும் என்ற அவசரத்தில் “இன்னும் கொஞ்சம் எடுங்கள் டாக்டர்” என்று கேட்பவர்கள் இந்த ஒரு சென்டிமீட்டரைத்தான் கேட்கிறார்கள்.

சில இடங்களில் கட்டு இன்னும் இறுக்கம். 2001-இல் டெக்சாஸைச் சேர்ந்த ராட் ரோரிக்கும் அவர் குழுவினரும் இடுப்புக்குக் கீழே அப்படிப்பட்ட ஐந்து இடங்களை அடையாளம் காட்டினார்கள். பிட்டத்துக்கு அடியில் உள்ள மடிப்பு, பிட்டத்தின் பக்கவாட்டுக் குழி, தொடையின் உட்பக்க நடுப்பகுதி ஆகியவை அவற்றில் சில. அங்கே தோல் ஆழத்தில் உள்ள உறையோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. எடுப்பதற்குக் கொழுப்பும் பெரிதாக இல்லை. அந்தப் பிணைப்பை அறுத்துவிட்டால் மேலே உள்ள சதை நழுவிக் கீழே இறங்கி, இயற்கையில் இல்லாத புது மடிப்பு ஒன்று உருவாகிவிடும்.

இந்த அறிவெல்லாம் விலை கொடுத்து வாங்கியது. 1920-களில் பாரிஸில் சார்ல் துஜாரியே என்ற மருத்துவர், ஒரு நடனக் கலைஞரின் கால்களை மெலிவாக்குவதற்காகக் கருப்பையைச் சுரண்டும் கருவியைக் கொண்டு கொழுப்பைச் சுரண்டினார். ரத்தக்குழாய் சேதமாகிக் கால் அழுகியது. வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 1970-களின் நடுவில் ரோமில் ஆர்பாட் ஃபிஷரும் அவர் மகன் ஜார்ஜியோவும் உறிஞ்சும் குழலைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் வெட்டும் கத்தி இருந்தது. 1977-இல் பாரிஸின் ஈவ்-ஜெரார் இல்லூஸ், முதுகில் கொழுப்புக்கட்டியோடு வந்த ஒரு நடிகை பெரிய தழும்பு கூடாது என்று கேட்டுக்கொண்டதால், கூர்மையில்லாத குழலை விட்டு அதை உறிஞ்சி எடுத்தார். வெற்றியின் ரகசியம் அந்த மழுங்கல்தான். மழுங்கிய முனை நார்ச்சுவரை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். ரத்தக்குழாயும் நரம்பும் தப்பும். குழல் போட்ட சுரங்கங்களுக்கு நடுவே சுவர்கள் தூண்களாக நின்று தோலைப் பிடித்துக்கொள்ளும். அவர் காலத்துக் குழல்கள் ஒரு சென்டிமீட்டர் வரை தடிமன். இன்று 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை உள்ளவை வழக்கம். பருத்த குழல் பருத்த பள்ளம் பறிக்கும் என்பதை அனுபவம் கற்றுக்கொடுத்தது. இல்லூஸின் சகாவான பியர் ஃபூர்னியே இன்னொரு பாடத்தைச் சேர்த்தார்: ஒரே துளையிலிருந்து விசிறிபோல் இழுக்காமல், வேறு வேறு துளைகளிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக இழுத்தால் கோடுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

1987-இல் கலிஃபோர்னியாவின் தோல்மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் எழுதிய கட்டுரைதான் நான் முதலில் சொன்ன உப்புநீர்க் கதை. மரத்துப்போக லிடோகெயின், ரத்தக்குழாயைச் சுருக்க அட்ரினலின், இரண்டையும் மிகவும் நீர்த்த அளவில் கலந்து நிறைய ஏற்றுவது. ரத்த இழப்பு பெருமளவு குறைந்தது, முழு மயக்கம் இல்லாமலே செய்ய முடிந்தது. பதிலுக்கு, உப்பிய சதையில் மேடு எது பள்ளம் எது என்று கண்ணால் தீர்மானிக்கிற வசதி போயிற்று.

அந்த வசதியின் இடத்தைத்தான் கை எடுத்துக்கொண்டது. தேர்ந்த சர்ஜனைப் பார்த்தால், வலது கை குழலை ஓட்டிக்கொண்டிருக்கும். இடது உள்ளங்கை தோலின்மேல் பரவி, குழலின் முனை எந்த ஆழத்தில் போகிறது என்று உணர்ந்துகொண்டே கூடச் செல்லும். நடுநடுவே நிறுத்தி, தோலை இரண்டு விரல்களால் கிள்ளிப் பிடித்து உருட்டிப் பார்ப்பார். விரலின் நுண்மையைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2013-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த சோதனையில், 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிகளைக்கூட மனிதர்களின் விரல் நுனி வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்து உணர்ந்தது. கண்ணால் பார்க்கவே முடியாத அளவு அது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டுக்குப் போன நோயாளியின் விரலும் அதே விரல்தான். குளிக்கும்போதெல்லாம் தடவித் தடவி, வேறு யார் கண்ணுக்கும் தெரியாத கட்டியை அது கண்டுபிடித்துவிடும்.

அந்தக் கட்டி என்ன? குழல் போன இடமெல்லாம் காயம். முதல் சில நாள்களில் ரத்தக் கசிவும் நீரும் தேங்கி வீக்கம். எங்கேயாவது குழிவான இடத்தில் வைக்கோல் நிறத்தில் நீர் கோத்துக்கொண்டால் தண்ணீர்ப் பைபோல் தளும்பும், ஊசியால் எடுத்துவிடலாம். கண்டுகொள்ளாமல் விட்டால் உடம்பு அதைச் சுற்றி ஒரு சுவரைக் கட்டிவிடும், அப்புறம் அது நிரந்தரக் கட்டி. ரத்த ஓட்டம் அறுந்த கொழுப்புப் பொதிகள் செத்து, எண்ணெய் நிறைந்த சிறு குமிழ்களாகவோ பட்டாணி போன்ற கெட்டிகளாகவோ தங்குவதும் உண்டு. சிறியவை மெல்லக் கரையும். சில, சுண்ணாம்பு படிந்து இறுகும்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வருவதுதான் பெரிய பயம். வீக்கம் வடிகிற நேரத்தில் வயிறு பலகைபோல் இறுகுகிறது, உள்ளே கயிறு கயிறாகத் தட்டுப்படுகிறது. இது நார்த்திசுச் செல்களின் வேலை. சுரங்கங்களுக்குள் அவை புகுந்து கொலாஜனை அவசர அவசரமாக இறைத்துவைக்கின்றன. அவற்றில் ஒரு கூட்டம் தசை மாதிரிச் சுருங்கவும் செய்யும். 1970-களின் தொடக்கத்தில் ஜெனீவாவின் ஜூலியோ கபியானி குழு இவற்றை விவரித்தது. புண்ணின் ஓரங்களை இழுத்து மூடுவதற்காக இயற்கை தந்த திறமை அது. வயிறு முழுக்கப் பரவிய நூற்றுக்கணக்கான சுரங்கங்களில் ஒரே நேரத்தில் அந்த இழுப்பு நடக்கும்போது தோல் அலையடிக்கிறது. அதன்பின் மாதக்கணக்கில் உடம்பு தான் கொட்டிய கொலாஜனைத் தானே கரைத்து, ஒழுங்கான வரிசையில் மறுபடி நெய்கிறது. பெரும்பாலான கட்டிகள் 3 முதல் 6 மாதங்களுக்குள் தளர்ந்துபோவது இதனால்தான். ஆறு மாதம் ஆகாமல், பலர் சொல்வதுபோல் ஒரு வருடம் ஆகாமல், திருத்த அறுவைக்கு ஒப்புக்கொள்ளாத மருத்துவர் நல்ல மருத்துவர்.

அதுவரை என்ன செய்வது? இறுக்கமான உடுப்பை வாரக்கணக்கில் போட்டிருக்கச் சொல்வார்கள். தேங்கும் நீரை அது குறைக்கும். ஆனால் உட்காரும்போது அது இடுப்பில் சுருண்டுகொண்டால், அந்தச் சுருளே ஈரமான திசுவில் ஒரு வரியைப் பதித்துவிடும். சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். நிணநீர் மசாஜ் வீக்கத்துக்கும் வலிக்கும் இதமாக இருக்கும். கட்டியைக் “கரைத்துவிடும்” என்று பேக்கேஜ் விற்பவர்களை நம்ப வேண்டாம். மிகக் கெட்டியான நார்க்கட்டிக்குச் சிறிதளவு ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அளவு மீறினால் அதே மருந்து சுற்றியுள்ள கொழுப்பையும் சுருக்கிப் புதுப் பள்ளம் தோண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் அது வேறு விவகாரம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

வருடம் கழிந்தும் மாறாமல் இருப்பவைதான் பெரும்பாலும் குழல் உண்டாக்கியவை. மேடு மிஞ்சியிருந்தால் காரியம் எளிது. மெல்லிய குழலால் கொஞ்சம் எடுத்துவிடலாம். தோல் கீழே ஒட்டிக்கொண்டு குழிந்திருந்தால் அந்த ஒட்டலை அறுத்து விடுவிக்க வேண்டும். பள்ளத்துக்கு மட்டும் ஒரே வழி, எடுத்ததைத் திரும்பக் கொடுப்பது. உடம்பின் வேறொரு இடத்திலிருந்து கொழுப்பை எடுத்துச் சிறுசிறு துளியாக அங்கே வைக்கிறார்கள். யோசனை புதிதல்ல: 1893-இலேயே ஜெர்மனியின் குஸ்டாவ் நாய்பர், குழிந்த தழும்பை நிரப்பக் கையிலிருந்து கொழுப்பை எடுத்துப் பயன்படுத்தினார்.

துளி ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்குப் பதில் அழகானது. இடம் மாறிய கொழுப்புக்கு முதல் சில நாள்கள் ரத்தக்குழாய் கிடையாது. அக்கம்பக்கத்துத் திசுவிலிருந்து கசியும் ஆக்சிஜன்தான் உணவு. டோக்கியோவின் கொத்தாரோ யோஷிமுரா குழு 2012 வாக்கில் காட்டியபடி, துளியின் வெளிவிளிம்பில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஓர் ஓட்டில் மட்டுமே கொழுப்புச் செல்கள் பிழைக்கின்றன. அதற்கு உள்ளே ஒரு வளையத்தில் அவை செத்துப்போகின்றன. ஆனால் அவற்றுக்கிடையே கலந்திருக்கும் குருத்தணுக்கள் பட்டினியைத் தாங்கி நின்று, புதுக் கொழுப்புச் செல்களைப் பெற்றெடுக்கின்றன. நட்டநடுவில் எதுவும் மிஞ்சாது. துளி பெரிதானால் செத்த நடுவும் பெரிதாகும், புதுக் கட்டி முளைக்கும். முன்பே குழல் ஓடித் தழும்பேறிய இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே வைத்ததில் கணிசமான பங்கு கரைந்துபோவது சாதாரணம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை செய்ய வேண்டிவரலாம். பள்ளத்தைத் தோண்ட நிமிடங்கள், தூர்க்க வருடங்கள்.

இதற்கு நடுவில் உடல் எடை ஏறினால் கணக்கு மறுபடி மாறும். 2008-இல் ஸ்வீடனின் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு, 1950-60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுப்போன கார்பன்-14-ஐ கொழுப்புச் செல்களின் டி.என்.ஏ.வில் அளந்து, அவற்றின் வயதைக் கணித்தது. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செல்கள் செத்துப் புதியவை வருகின்றன; ஆனால் வளர்ந்த மனிதருக்கு மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் மாறுவதில்லை. எடை கூடும்போது இருக்கும் செல்கள்தான் உப்புகின்றன. குழல் சீராக எடுக்காத இடத்தில் இங்கே நிறையச் செல், அங்கே கொஞ்சம் செல் என்று இருக்குமல்லவா? நிறைய இருக்கும் இடம் அதிகமாக உப்பும், பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும். பள்ளத்தில் நட்ட கொழுப்பும் தான் பிறந்த இடத்தின் குணத்தை விடுவதில்லை: வயிற்றிலிருந்து எடுத்ததென்றால், எடை ஏறும்போது வயிற்றுக் கொழுப்பு மாதிரியே தொடையில் உட்கார்ந்து பருக்கும். திருத்த அறுவைக்குத் தேதி கேட்டு வருபவரை, சில மாதங்கள் எடை ஏறாமல் இறங்காமல் இருந்துவிட்டு வாருங்கள் என்று மருத்துவர்கள் திருப்பி அனுப்புவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.