அட்டை மேலே வரும் முன்னே சொல்!

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற ரைபிள் போட்டியின் தூரம் 10 மீட்டர். உள்ளரங்கில் நடப்பதால் அதில் காற்றின் குறுக்கீடு கிடையாது. இன்றைய ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் அதிகபட்சத் தூரமே 50 மீட்டர்தான். ஆனால் லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே பகுதியில் உள்ள பிஸ்லி மைதானத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு 1000 கஜத்துக்கு அப்பால், அதாவது 914 மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையைச் சுடுகிறார்கள். அந்தத் துப்பாக்கியில் தொலைநோக்கி கிடையாது. குழாய் முனையில் ஒரு வளையம், கண்ணருகே ஒரு சிறு துளை, அவ்வளவுதான். ஐந்து புள்ளி தரும் வட்டத்தின் அகலம் சுமார் இரண்டடி. பத்து ரூபாய் நாணயத்தை 40 மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அது தெரியும்.

‘டார்கெட் ரைபிள்’ என்று அழைக்கப்படும் இந்த விளையாட்டு ஒலிம்பிக்கிலும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறது. 1908 லண்டன் ஒலிம்பிக்கின் 1000 கஜப் போட்டி நடந்தது இதே பிஸ்லியில்தான். பிரிட்டனின் ஜோஷுவா மில்னர் வென்றார். அதன்பின் அந்தப் போட்டி ஒலிம்பிக்குக்குத் திரும்பவில்லை.

பிஸ்லியின் கதை விம்பிள்டனில் தொடங்குகிறது. பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் 1859-ல் பிறந்தது. அடுத்த ஆண்டு விம்பிள்டன் புல்வெளியில் முதல் போட்டி. தாங்கியில் இறுக்கிப் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியின் விசையில் பட்டுக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். விக்டோரியா மகாராணி அதை இழுக்க, 400 கஜத்தில் இருந்த இலக்கின் மையத்தில் பாய்ந்தது முதல் குண்டு. 1890-ல் சங்கம் பிஸ்லிக்கு இடம் மாறியது. அரசரின் பெயரிலான பரிசுப் போட்டி இன்றும் ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே நடக்கிறது. வென்றவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிச் செல்வது மரபு. 1930-ல் அந்த நாற்காலியில் அமர்ந்த மார்ஜரி ஃபாஸ்டர்தான் அந்தப் பரிசை வென்ற முதல் பெண்.

அந்தப் பரிசுக்குப் போட்டியிடுபவரும் ஒருநாள் புதியவருக்கான வகுப்பில்தான் தொடங்கியிருப்பார்.

தோட்டாவுக்கு முந்தைய பாடம்

பிரிட்டனில் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது. அரசு அங்கீகாரம் பெற்ற சுடுதல் கழகத்தில் சேருபவர் குறைந்தது மூன்று மாதம் தகுதிகாண் உறுப்பினராக இருந்தாக வேண்டும். சொந்தமாக ரைபிள் வைத்துக்கொள்ளக் காவல்துறையின் சான்றிதழ் தனியே வேண்டும். ஆகவே முதல் பாடம் பாதுகாப்புதான். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே நினை. குழாய் முனை இலக்கின் பக்கமே இருக்கட்டும். சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். சுட்டு முடித்ததும் தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று யாரும் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளும்படி பளிச்சென்ற பிளாஸ்டிக் கொடியைச் செருகு.

அடுத்தது படுக்கக் கற்பது. இடக்கை ரைபிளைத் தாங்குகிறது. மேற்கையில் மாட்டிய வார் ரைபிளின் எடையைத் தசையிலிருந்து எலும்புக்கு மாற்றிவிடுகிறது. பிறகு ஒரு சோதனை: குறி பார்த்த நிலையில் கண்ணை மூடி, மூச்சை இரண்டு முறை இழுத்து விட்டு, கண்ணைத் திற. குறி இடப்பக்கம் விலகியிருந்தால் கையால் ரைபிளைத் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. இடுப்பை நகர்த்தி உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். தசையால் பிடித்து வைத்த குறி, விசை விடுபடும் நொடியில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். தோட்டா இல்லாமல் இந்த ஒத்திகையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

ஒன்றரை நொடி

7.62 மி.மீ. விட்டமுள்ள குண்டின் எடை சுமார் 10 கிராம். குழாயை விட்டுப் புறப்படும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர். ஆயிரம் கஜத்தைக் கடக்க ஒன்றரை நொடி பிடிக்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் பத்து மீட்டர் கீழே இழுத்துவிடும். இது பயமுறுத்தும் எண். ஆனால் தொந்தரவு இல்லாத எண். தூரம் மாறாதவரை இந்த இறக்கமும் பெரிதாக மாறாது. பின்பக்கக் குறிகாட்டியின் திருகை அட்டவணைப்படி ஏற்றிவிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது.

முடியாத கணக்கு காற்று. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 300 கஜத்தில் குண்டை ஒரு சாண் அளவுகூடத் தள்ளாது. அதே காற்று ஆயிரம் கஜத்தில் இரண்டரை மீட்டர் தள்ளிவிடும். தூரம் மூன்று மடங்கு கூடினால் விலகல் பத்து மடங்குக்கு மேல் கூடுகிறது. வழியில் வேகம் குறையக் குறையக் குண்டு காற்றுக்கு மேலும் இடம் கொடுக்கிறது.

காற்றுமானியின் எண் ஒன்றை நம்பி இதைச் சமாளிக்க முடியாது. சுடுபவரின் அருகே ஒரு காற்று, நடுவழியில் வேறு காற்று, இலக்கின் முன் இன்னொன்று. மைதானம் நெடுகக் கம்பங்களில் பறக்கும் கொடிகள் எந்தக் கோணத்தில் எழும்புகின்றன என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் தாங்கியில் நிற்கும் தொலைநோக்கியில் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். பல கொடிகள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லும்போது எதை நம்புவது? தொடக்கத்திலேயே சற்றுத் திரும்பிவிட்ட குண்டு மீதித் தூரம் முழுக்க அந்தச் சாய்வோடுதான் போகும். எனவே அருகிலுள்ள கொடியை அலட்சியம் செய்யாதே என்கிறது பாடம். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. போட்டியில் ஒரு குண்டுக்குக் கிடைப்பது 45 நொடி.

பள்ளத்து வேலை

மரபான முறையில், இலக்குகளுக்குக் கீழே மண்மேட்டின் மறைவில் உள்ள பள்ளத்தில் ஆட்கள் நிற்பார்கள். புதியவரும் அங்கே முறை போட்டு வேலை பார்க்கக் கற்கிறார். ஒலியை மிஞ்சிய வேகத்தில் வரும் குண்டு தலைக்கு மேலே சாட்டை சொடுக்கியதுபோல் வெடித்துக் கடக்கும். உடனே அட்டைச் சட்டத்தைக் கீழே இறக்கி, துளையைத் தேடி, அதில் ஒரு வட்டு செருகி, பழைய துளையை ஒட்டி மறைத்து மேலே ஏற்ற வேண்டும். அந்த வட்டு இல்லாவிட்டால் ஆயிரம் கஜத்தில் படுத்திருப்பவருக்குத் தன் குண்டு எங்கே போனது என்றே தெரியாது.

பென்சிலின் நேர்மை

அட்டை இறங்கி ஏறும் அந்த இடைவெளியில்தான் இந்த வகுப்பின் மிக முக்கியமான பாடம் நடக்கிறது. விசை விடுபட்ட நொடியில் குறி எங்கே இருந்தது என்று சுட்டவர் முதலில் சொல்லிவிட வேண்டும். ‘நடுவில்’ என்றோ, கடிகார முள்ளை வைத்து ‘மூன்று மணிப் பக்கம்’ என்றோ சொல்லி, கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். அட்டை மேலே வந்தபிறகு சொன்னால் செல்லாது. விடையைப் பார்த்துவிட்டுச் சொல்லும் காரணம் வெறும் சமாதானம்.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் கறாரான தர்க்கம் இருக்கிறது. நடுவில் என்று குறித்திருக்க, வட்டு மூன்று மணியில் தெரிந்தால் காற்று மாறியிருக்கிறது, குறிகாட்டியின் பக்கவாட்டுத் திருகைத் திருத்து. மூன்று மணி என்று குறித்திருக்க, வட்டும் மூன்று மணியில் தெரிந்தால் தவறு உன் விரலில்; திருகைத் தொடாதே. தன் நடுக்கத்தைக் காற்றின் கணக்கில் எழுதித் திருகைத் திருப்புபவருக்கு, அடுத்த குண்டு கச்சிதமாகச் சுட்டாலும் எதிர்ப்பக்கம் விலகும். அதற்கும் காற்றைப் பழித்து மீண்டும் திருப்புவார். நல்ல ரைபிளும் நல்ல கண்ணும் இருந்தும் பலரின் புள்ளிகள் கரைவது இப்படித்தான்.

காற்றைத் தவறாகக் கணிப்பது இங்கே யாருக்கும் அவமானமல்ல. பல ஆண்டு அனுபவசாலிகளும் கணிப்பில் சறுக்குகிறார்கள். எந்தப் பிழை தன்னுடையது, எந்தப் பிழை வெளியிலிருந்து வந்தது என்று பிரித்தறியாமல் திருத்தத்தில் இறங்குவதே குற்றம். அப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்தவருக்கு, சுட்ட ஒவ்வொரு குண்டும் அடுத்த குண்டுக்கான தகவலாகிறது. அது வராதவருக்கு எத்தனை குண்டு சுட்டாலும் சத்தம் மட்டுமே மிச்சம்.

வகுப்பு முடித்த கையோடு விலை உயர்ந்த ரைபிளைத் தேடிப் போவதில் பொருளில்லை. பயிற்சிக்குக் கழகத்தின் ரைபிள் போதும். முதலில் வாங்க வேண்டியது ஒரு கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும்தான். அவற்றை மட்டும் இரவல் வாங்க முடியாது.