நான் ஒரு அம்மாவா?

காலை ஏழு மணிக்குக் கூடைக்காரி வாசலில் குரல் கொடுக்கிறாள். காப்பியை ஆற்றிக்கொண்டே போய், பத்து ரூபாய் குறைத்துக் கேட்டு மீன் வாங்கி வருகிறோம். அந்தக் கூடை நம் வாசலுக்கு வந்த கதையை என்றைக்காவது கேட்டதுண்டா, சகோதரிகளே?

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு வருகிறவளிடம் ஒரு நாள், "ஏம்மா, உன் குழந்தைகள் சாப்பிட்டாச்சா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். கூடையை இறக்கி வைத்தவள் சற்று நேரம் பேசவில்லை.

"தெரியாதும்மா. மூணு மணிக்கு அதுங்க தூங்கறப்பவே ஏலத்துக்கு வந்துட்டேன். பெரியவதான் சின்னவனை எழுப்பி இட்டுக்கினு போவா. ஜுரம் வந்தாலும் அவதான் நெத்தியைத் தொட்டுப் பாக்கறா. நானெல்லாம் ஒரு அம்மாவா, சொல்லும்மா?"

பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதென்றுதான் விடியுமுன் காசிமேட்டுக்கு ஓடுகிறாள். ஓடியதற்காகத் தன்னையே திட்டிக்கொள்கிறாள்!

கோடை இன்னும் கொடுமை. மீன் இனம் பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தடை முடிந்து கையில் காசு புரளுமுன்பே பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஒரு வருஷம் மகளின் கம்மலை அடகு வைத்துத்தான் நோட்டுப் புத்தகம் வாங்கினாளாம்.

"கேட்ட உடனே கழட்டிக் குடுத்துட்டாம்மா. ஒரு வார்த்தை பேசல. சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்."

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலையில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிற்று. ஆனால் தெருத்தெருவாகக் கூடை சுமப்பவளுக்கு ஆலை ஏது, முதலாளி ஏது? அவள் வீட்டில் மூத்த மகள்தான் காப்பகம்!

இது அவள் ஒருத்தியின் குற்றமா? ஊர் கை கொடுத்தால் தாயின் பாரம் குறையும் என்பதைச் சென்னை எப்போதோ கண்டது. 1920-இல் பிட்டி தியாகராயர் நகரசபைத் தலைவராக இருந்தபோதே, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் ஆயிற்று. 1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது. 2022 செப்டம்பரில் அரசு ஆரம்பப் பள்ளிகள் சிலவற்றில் காலை உணவு தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலமெங்கும் பரவிற்று.

அதற்குப் பிறகு ஒரு நாள் நம் கூடைக்காரி, நான் கேட்காமலே சொன்னாள்:

"சின்னவன் இப்ப ஸ்கூல்ல பொங்கல் துன்றாம்மா. எந்தத் தெருவுல இருந்தாலும் எட்டு மணி ஆனா எனக்கு அந்த நெனப்பு வரும். வயிறு ரொம்பின மாதிரி இருக்கும்."

அன்று நான் பேரம் பேசவில்லை. "பெரியவள் எப்படியம்மா இருக்கிறாள்?" என்று கேட்டேன்.

"கம்மலை மீட்டாச்சும்மா!" என்று சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.