உங்களுக்குத் தெரியுமா? பேன் பார்க்கும் அம்மா

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் ஓர் ஓவியம். தாயின் மடியில் தலை கவிழ்த்திருக்கிறது குழந்தை. அவள் பேன் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. டச்சு ஓவியர் பீட்டர் த ஹோக் 1660ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீட்டியது, 'தாயின் கடமை' என்று பெயர் பெற்றது. முன்புறம் வலது ஓரத்தில் இருக்கும் மர நாற்காலியைச் சாதாரண நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். நடுவில் துளையிட்டு, அடியில் சட்டி வைத்து, குழந்தைக்கு வெளிக்குப் போகப் பழக்குவதற்கானது. மாதாவையும் பாலகனையும் வணங்கிவந்த ஐரோப்பிய ஓவியத்தில் இது துணிச்சல்தான்!

த ஹோக்குக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1650களின் தொடக்கத்தில், ஹெரார்ட் தெர் போர்க்கும் பேன் சீப்பும் கையுமாக ஒரு தாயை வரைந்தார்; அது ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹாய்ஸில் உள்ளது. அன்றைய டச்சுக்காரர்களுக்குத் தலைவாருவது வெறும் சுத்தம் அல்ல, குழந்தையை நல்வழியில் வளர்ப்பதன் அடையாளமும்கூட. 1614இல் வந்த ரூமர் விஸ்ஸரின் சின்னங்கள் பற்றிய படநூலிலேயே சீப்புக்கு இடம் உண்டு: அழுக்கை நீக்கும், அழகும் சேர்க்கும். யாகொப் காட்ஸ் 1625இல் எழுதிய திருமண நூலோ, கன்னிப்பருவம் முதல் கைம்மை வரை பெண் எப்படி நடக்க வேண்டும் என்று நீட்டி முழக்கியது. ஆண்கள் எழுதிய பாடம்தான்!

இன்னொரு வேடிக்கை. த ஹோக் வாழ்ந்த அதே டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஓவியர் வெர்மீர் 1675இல் இறந்தபோது அவருக்கு 11 பிள்ளைகள். ஆனால் அவர் வரைந்து இன்று எஞ்சியிருக்கும் வீட்டு அறைகள் எதிலும் ஒரு குழந்தைகூட இல்லை.