புதிய பாடல் தொகுப்புக்கு எத்தனை மதிப்பெண்?

திருவருகைக் காலம் நெருங்கியதும் நம் கிறிஸ்தவ இல்லங்களுக்குப் புதிய பாடல்கள் வந்து சேருவது வழக்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் இசைத்தட்டாக வந்தவை பின்னர் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் வந்தன. இன்று கைப்பேசிக்குள்ளேயே வந்து அமர்ந்துகொள்கின்றன. வடிவம் எதுவாயினும், வாங்கியவர் அதைத் தனியே கேட்டு மனநிறைவு அடைவதில்லை. நாலு பேரை அழைத்துக் கேட்கச் செய்து, "எப்படி இருக்கிறது?" என்று வினவிய பின்னரே அவருக்கு நிம்மதி. நல்லதைக் கண்டவன் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள மாட்டான் என்பதால், இவ்வழக்கத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

நம் பங்கின் அன்பியம் ஒன்றில் இளைஞர்கள் இதனை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தனர். மாதம் ஒருமுறை, செபமாலை முடிந்தபின், யாரேனும் ஒரு குடும்பத்தார் தாம் புதிதாக வாங்கிய தொகுப்பைக் கொண்டுவருவர். அனைவரும் அமைதியாகக் கேட்பர். பின்னர் துண்டுத்தாளில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதி, பெயரிடாமல், ஒரு தட்டில் போடுவர். சில மாலைகளில் நாமும் அமர்ந்து கேட்டதுண்டு. பங்குத்தந்தையின் தாளுக்கும் ஒரே மதிப்புத்தான் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார்கள்!

ஒன்றை விரைவிலேயே கவனித்தோம். முதல்நாள் மதிப்பெண் பெரும்பாலும் அட்டைப்படத்துக்கும் வாத்தியங்களின் ஆரவாரத்துக்குமே போய்ச் சேருகிறது. வயலின்கள் கூட்டமாக எழுந்து முழங்கினால் எட்டுக்குக் குறைவதில்லை. ஆர்மோனியமும் தபேலாவும் மட்டும் வைத்துச் சிற்றூர்ப் பாடற்குழுவொன்று பாடிய தொகுப்புக்கு மூன்றும் நான்குமே கிடைத்தன. ஆனால் தவக்காலம் வந்தபோது குழாயடியில் பெண்கள் முணுமுணுத்த பாட்டு எது? அந்த மூன்று மதிப்பெண் தொகுப்பில் உள்ளதுதான். அதன் பின்னர், ஒரு தொகுப்புக்கு இருமுறை மதிப்பெண் இடுவது என்று முடிவாயிற்று: கேட்ட அன்று ஒருமுறை, ஒரு மாதம் கழித்து மறுமுறை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதே தனிச் சுவையாக உள்ளது.

ஒரு மாலை, வெளியூரில் பணிபுரியும் ஒருவர் 'மிஸ்ஸா லூபா' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். இதன் வரலாற்றைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். கீதோ ஹாசன் என்ற பெல்ஜிய நாட்டுப் பிரான்சிஸ்கன் சபைக் குரு, அன்று பெல்ஜியத்தின் ஆளுகையில் இருந்த காங்கோ நாட்டில், கமினா என்னும் ஊரில் பணியாற்றினார். அங்குள்ள சிறுவர்களையும் ஆசிரியர்களையும் கொண்டு ஒரு பாடற்குழுவை அமைத்தார். திருப்பலியின் இலத்தீன் சொற்களை அவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் மக்களின் இசைமரபிலேயே பாடச் செய்தார். முன்கூட்டி எழுதிய இசைக்குறிப்பு இல்லை. பாடப்பாட உருவானது அது. 1958ஆம் ஆண்டு கமினாவில் திருப்பலியில் முதன்முதலாகப் பாடப்பட்டது. பின்னர் இசைத்தட்டாகி உலகெங்கும் பரவிற்று. மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குரிய இசைமரபு உரிய மதிப்பைப் பெறவேண்டும் என இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தன் திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பில் கூறியது 1963ஆம் ஆண்டு டிசம்பரில். காங்கோச் சிறுவர்கள் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே பாடிவிட்டார்கள்!

நம் கூட்டத்தில் அது ஒலித்தபோது இளைஞர் சிலர் முகம் சுளித்தனர். "தாளம் இருக்கிறது, ராகம் இல்லை" என்றார் ஒருவர். அப்போது சுவரோரம் அமர்ந்திருந்த, எண்பதைக் கடந்த பாட்டி ஒருவர் மெல்லச் சொன்னார்: "சாமி, மொதப் பாட்டு ஒப்பாரி மாதிரியில்ல இருக்கு. யாரோ செத்த வீட்டுல பாடுறாப்புல இருக்கு." இளைஞர்கள் சிரித்தனர். ஆனால் அவர் கூறியது முற்றிலும் உண்மை. 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற அப்பகுதி லூபா மக்களின் இரங்கற்பாடல் முறையில் அமைந்ததே. 'தூயவர்' பகுதியோ பிரியாவிடைப் பாடல் ஒன்றை அடியொற்றியது. மொழி தெரியாது, நாடு தெரியாது. எனினும் மகனை அடக்கம் செய்த அந்தத் தாயின் செவி அதை இனங்கண்டுகொண்டது. அன்று தட்டில் விழுந்த தாள்களில் ஒன்றில் மட்டும் பத்து என்று இருந்தது. பேரன் கையெழுத்துத்தான், பாட்டி சொல்ல எழுதியது. மறுமாதம் சராசரி நான்கிலிருந்து ஏழாயிற்று.

அர்ஜென்டினாவின் அரியேல் ராமிரெஸ் 1964இல் அமைத்த 'மிசா கிரியோல்யா' இதனினும் எளிதில் நம் மக்களைக் கவர்ந்தது. தாய்மொழியில் திருப்பலி நிறைவேற்றப் பொதுச்சங்கம் வழிதிறந்த உடனேயே ஸ்பானிய மொழியில் எழுந்த திருப்பலி இசை அது. ஆந்தீஸ் மலைநாட்டின் சிறுநரம்புக் கருவியும் பெருமுரசும், சக்கரேரா முதலிய நாட்டுப்புற ஆட்டங்களின் தாளமும் அதில் உண்டு. நாத்சி ஆட்சிக் காலத்தில், சிறையிடப்பட்டவர்களுக்கு மறைவாக உணவளித்த இரு ஜெர்மானியச் சகோதரிகளின் வரலாற்றைக் கேட்டு உள்ளம் உருகியதே தம் படைப்புக்குத் தூண்டுதல் என்று ராமிரெஸ் கூறியிருக்கிறார். 2014 டிசம்பர் 12ஆம் நாள், குவாதலூப்பே அன்னையின் திருநாளில், திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியில் இது பாடப்பட்டது.

ஸ்பெயின் நாட்டின் சீலோஸ் மடத்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் கிரகோரியன் இசைத்தொகுப்பு 1994இல் அமெரிக்காவில் வெளிவந்து பல இலட்சக்கணக்கில் விற்றது. பழைய ஒலிப்பதிவுகளே புதிய அட்டையில் வந்தன. மன இறுக்கத்துக்கு மருந்து என்று அதை விளம்பரம் செய்தார்கள். செபத்தைத் தூக்கமருந்தாக விற்பது நமக்கு உவப்பில்லை. ஆயினும் மருந்து தேடி வாங்கிய சிலரையாவது ஆண்டவர் அதன்வழி தட்டி எழுப்பியிருப்பார் என்றே எண்ணுகிறோம். நம் கூட்டத்தில் அது சுமாரான மதிப்பெண்ணே பெற்றது. வாத்தியம் ஏதுமின்றி ஒரே குரலாய் ஒலிக்கும் அவ்விசை நம் செவிக்கு நாட்பட்டே பழகும்.

இன்பம் தரும் இசையைப்பற்றிப் புனித அகுஸ்தினார் தம் 'உள்ளக்கிடக்கை'யின் பத்தாம் நூலில் பட்ட பாடு அறியத்தக்கது. பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை மிகுதியாக அசைத்தால் அது தமக்குக் குற்றமென்று கருதினார். மனந்திரும்பிய தொடக்க நாட்களில் திருச்சபையின் பாடல்கள் தம்மைக் கண்ணீர்விடச் செய்ததையும் மறக்க இயலவில்லை. இரண்டையும் எழுதிவைத்தார். நம் துண்டுத்தாளிலும் இரண்டு கட்டங்கள் இடலாமே என்று ஒரு சகோதரி கூறினார்: இனிமைக்கு ஒன்று, செபிக்க உதவியதற்கு ஒன்று. அவ்வாறே செய்கிறோம்.

இங்கே ஒரு கவலையையும் வெளிப்படையாகக் கூறிவிடுகிறோம். உயர்ந்த மதிப்பெண் பெற்ற தொகுப்பை அப்படியே ஆலய ஒலிபெருக்கியில் இணைத்து, திருப்பலியில் ஒலிக்கச் செய்யலாமா என்று பாடற்குழுவினர் சிலர் கேட்டனர். கூடாது. 1958ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான உரோமைப் பேராயத்தின் அறிவுரை, திருவழிபாட்டில் இசைத்தட்டு, ஒலிநாடா முதலிய பொறிகளைத் தடை செய்தது. பாடல்களைக் கற்பிக்க அவற்றைப் பயன்படுத்தலாம் என்றும் கூறிற்று. சிறுவர் திருப்பலிக்கென 1973இல் வந்த வழிகாட்டி, ஆயர் பேரவையின் விதிக்கு உட்பட்டுச் சிறிது இடமளித்தது. பீடத்தின் முன் தட்டுத்தடுமாறிப் பாடும் பத்துப் பேரின் குரல் அங்கே காணிக்கையாகிறது. சென்னையில் குளிரூட்டிய அறையில் என்றோ பாடிய குரல், எவ்வளவு தேனாயினும், அவர்களுக்குப் பதிலாக நிற்க முடியாது. தொகுப்பைக் கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், பிறகு அணைத்துவிட்டுப் பாடுங்கள்.

பகிர்தலைப்பற்றியும் வாக்குவாதம் எழுந்தது. ஒருவர் வாங்க, முப்பது பேர் படியெடுத்துக்கொள்வது நடக்கிறது. "இயேசு அப்பத்தைப் பலுகச் செய்யலையா பாதர்? நாங்க பாட்டைப் பலுகச் செய்யிறோம்" என்றான் கல்லூரி மாணவன் ஒருவன். அறிவுள்ள பிள்ளை! ஆனால் அந்த ஐந்து அப்பங்களும் அச்சிறுவன் மனமுவந்து கொடுத்தவை அல்லவா? பாட்டெழுதியவரும் தபேலாக்காரரும் நம்மிடம் கொடுத்தார்களா? ஒலிப்பதிவுக்கு நம் நாட்டுச் சட்டம் 60 ஆண்டு உரிமை வழங்குகிறது. சட்டம் இல்லையெனினும் ஏழாம் கட்டளை இருக்கிறது. பக்திப்பாடல் வெளியிடுவோர் பெரும் முதலாளிகள் அல்லர். கடன் வாங்கி ஒலிப்பதிவு செய்து, பிரதிகள் விற்காமல் பெட்டியோடு வீட்டில் வைத்திருப்போரை நாம் அறிவோம். எனவே, அன்பியத்தார் காசு திரட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் வாங்கி, நூலகம்போல் வீட்டுக்கு வீடு சுற்றுக்கு விடுகிறார்கள். ஒரு நோட்டில் வாங்கியவர் பெயரும் திருப்பிய நாளும் எழுதப்படுகின்றன.

'மிசா கிரியோல்யா' இசைத்தட்டின் மறுபக்கத்தில், இயேசுவின் பிறப்பைப்பற்றிய ஆறு நாட்டுப்பாடல்களை ராமிரெஸ் அமைத்திருக்கிறார். அவை இன்னும் நம் கூட்டத்தில் கேட்கப்படவில்லை. திருவருகைக்கால முதல் ஞாயிறு மாலை அவற்றைக் கேட்கவிருக்கிறோம். முன்வரிசை நாற்காலி ஒன்றைப் பாட்டிக்கு ஒதுக்கிவைக்கும்படி இளைஞர்களே கூறியிருக்கிறார்கள்.