நான் தவறவிட்ட மூன்றாவது விரிசல்

பயிற்சிக்கூடத்தின் நடுவே ஒரு பழைய ரயில் அச்சு கிடந்தது. இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். இரு பக்கமும் சக்கரங்கள் இன்னும் மாட்டியபடியே இருந்தன. “இதுல எத்தனை விரிசல் இருக்குன்னு கண்டுபிடிச்சு எழுது தம்பி,” என்று சொல்லிவிட்டுப் பயிற்றுவிப்பாளர் தேநீர் குடிக்கப் போனார்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கும் எனக்கு அது வேலைப் பயிற்சியின் மூன்றாவது வாரம். மீயொலிக் கருவியுடன் ஒரு மணி நேரம் போராடி, ‘இரண்டு’ என்று எழுதிக் கொடுத்தேன். இருந்தவை மூன்று.

அவை பயிற்சிக்காக வேண்டுமென்றே அறுத்து வைத்த கீறல்கள்தான். ஆனால், நிஜ அச்சில் விரிசலை யாரும் அறுத்து வைப்பதில்லை. அது தானாகவே வளர்கிறது.

காகிதக் கவ்வியை முன்னும் பின்னும் வளைத்து முறித்துப் பார்த்திருப்பீர்கள். ரயில் அச்சுக்கு நேர்வதும் ஏறக்குறைய அதுதான். பெட்டியின் எடை அச்சைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைக்கிறது. மேற்புறம் இழுபடுகிறது, கீழ்ப்புறம் அமுங்குகிறது. சக்கரம் அரைச் சுற்று சுற்றியதும் மேலே இருந்தது கீழே வந்துவிடும். 85 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 375 முறை சுழலும். 100,000 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 37 மில்லியன் முறைக்கும் மேல்! எங்கோ ஒரு துருக்குழி, ஒரு கல் பட்ட தழும்பு இருந்தால் போதும், அங்கே விரிசல் தொடங்கிவிடும். இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறார்கள்.

வேலைப் பயிற்சி பற்றிச் சொன்னதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, “2024 செப்டம்பர்ல கிழக்கு-மேற்குப் பாதையில கழன்று விழுந்துச்சே, அதுவா?” அது வேறு. அன்று விழுந்தது அச்சின் நுனியைத் தாங்கிப் பிடிக்கும் பெட்டி. நான் சொல்வது அச்சையே பற்றி.

அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 1842 மே 8ஆம் தேதி பார்த்தது. வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் முன் இயந்திரத்தில் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மீது ஒன்று ஏறித் தீப்பற்றின. கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தன. 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அண்டார்க்டிகா வரை போய் உயிரோடு திரும்பிய கடலோடி டுமோன் டுர்வில், மனைவி மகனுடன் அந்த ரயிலில்தான் இறந்தார். அதன் பிறகு ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்க முடியாத சிறிய சுமைகூட, திரும்பத் திரும்ப வந்தால் எஃகை முறித்துவிடும் என்று அவர் காட்டினார்.

சரி, முறியும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? மருத்துவமனையில் வயிற்றில் கூழ் தடவி ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே முறைதான். நம் காதுக்கு எட்டும் ஒலி விநாடிக்கு 20,000 அதிர்வோடு முடிந்துவிடும். இங்கே பயன்படுவது 2 முதல் 5 மில்லியன். எஃகுக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அச்சின் மறுமுனையைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. கூழ் எதற்கு? கருவிக்கும் எஃகுக்கும் இடையே மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். வேடிக்கை என்னவென்றால், விரிசலைக் காட்டிக்கொடுப்பதும் அதே குணம்தான். விரிசலுக்குள் இருக்கும் இடைவெளியில் ஒலி மோதித் திரும்புகிறது. திரையில் ஒரு கூர்முனை எழுகிறது.

இவ்வளவு தெரிந்தும் நான் ஏன் தவறவிட்டேன்?

சக்கரத்தை அச்சில் பற்றவைப்பதில்லை. பெரும் அழுத்தத்தில் இறுக்கிச் செருகுகிறார்கள். ரயில் ஓடும்போது அந்தப் பிடிப்பின் விளிம்பில் எஃகும் எஃகும் மிக நுண்மையாக உரசிக்கொள்கின்றன. விரிசல் விரும்பிக் குடியேறும் இடம் அது. சக்கரம் மூடியிருப்பதால் கண்ணால் பார்க்க முடியாது, காந்தத் துகள் தூவியும் சோதிக்க முடியாது. மீயொலிதான் வழி. ஆனால், அந்த விளிம்பும் தன் பங்குக்கு ஓர் எதிரொலியை அனுப்புகிறது. மூன்றாவது கீறல் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு கூர்முனைகளை நான் ஒன்றாக எண்ணிவிட்டேன்.

“சக்கரத்தோட எதிரொலின்னு நினைச்சிட்டியா? முதல்ல எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. அச்சைச் சுத்தி ஒரு ரவுண்டு வா,” என்றார் அவர். கருவியை மெல்ல நகர்த்தினேன். சக்கரத்தின் எதிரொலி சுற்றிலும் ஒரே உயரத்தில் வந்தது. ஓரிடத்தில் மட்டும் அதன் அருகே இன்னொன்று எழும்பி, சில சென்டிமீட்டர் தாண்டியதும் அடங்கியது. விரிசல் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், பிடிப்பு வட்டம் முழுக்க இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

“எவ்வளவு சின்ன விரிசலைக் கண்டுபிடிக்கலாம் சார்?” என்று கேட்டேன். “அது முக்கியமில்லை. எவ்வளவு பெரிய விரிசலை நீ தவற விடலாம், அதைக் கேளு,” என்றார். சோதனைக் கால இடைவெளியை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். இன்று கண்ணில் படாத விரிசல் முறியும் அளவுக்கு வளர்வதற்குள் மறுபடியும் சில வாய்ப்புகள் கிடைக்க வேண்டும். 2008 ஜூலையில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஓர் அதிவேக ரயிலின் அச்சு முறிந்தது. நிலையத்தை விட்டு மெதுவாகக் கிளம்பிய நேரம் என்பதால் எவருக்கும் காயமில்லை. அதன் பிறகு 300,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நடந்த மீயொலிச் சோதனையை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என மாற்றினார்கள்.

அடுத்த வாரம் இன்னோர் அச்சைக் கொடுத்தார். இம்முறை இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். எதுவும் அகப்படவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். அப்போதும் இல்லை. ‘விரிசல் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது, ‘மூன்று’ என்று எழுதுவது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“நிச்சயமா?”

“இன்னும் ஒரு தடவை பார்த்துட்டு வரட்டுமா சார்?”

சிரித்தபடி கூழ் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.