தரங்கம்பாடி

தில்லி லட்சுமிபாய் நகரில் வாழும் தமிழ்ச் சிறுவர்கள், அருகிலுள்ள சப்தர்ஜங் கல்லறையை அறிவர். அது முகலாயர் காலத்துச் சின்னம். ஐரோப்பியர் குடியேறிய காலத்தைக் காட்டும் ஊர் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அதுவே மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள தரங்கம்பாடி.

1620ஆம் ஆண்டு தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவுடன் டென்மார்க் நாட்டினர் இங்கு வந்து, டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். அஃது இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1792இல் எழுப்பப்பெற்ற நகர வாயிலைக் கடந்தால் பழைய வீதிகளைக் காணலாம். அங்கே 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் உள்ளது. அதனைக் கட்டிய சீகன்பால்கு 1706இல் இவ்வூருக்கு வந்து தமிழ் கற்றவர். அச்சகம் நிறுவித் தமிழ் நூல்களை அச்சிட்டவர். 1845இல் இவ்வூர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

'தரங்கம்' என்பதற்கு 'அலை' என்பது பொருள். ஊருக்குப் பெயர் தந்த அலைகளே இன்று அதன் பகையாகவும் உள்ளன. குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் கற்கள் அடுக்கப்பட்டுள்ளன. கட்டடம் அழிந்தால் வரலாற்றின் சான்றும் அழியும். ஆகவே, விடுமுறையில் சொந்த ஊர் செல்வோர் தரங்கம்பாடியையும் கண்டு வருதல் நன்று.