பன்னீர் திராட்சையின் இத்தாலியச் சுற்றம்

கொடிவழி – 7

இத்தாலிய ஒயின்களைப் பற்றிப் படிக்க உட்காருகிறவரை முதலில் மலைக்க வைப்பது அந்த நாட்டின் வரைபடம்தான். 20 மாநிலங்கள், இருபதிலும் திராட்சை விளைகிறது. அரசுப் பதிவேட்டில் ஏறிய ஒயின் ரகங்கள் மட்டும் 500-ஐத் தாண்டும். இவ்வளவையும் மனப்பாடம் செய்து கரையேற முடியாது. நமக்குத் தெரிந்த ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, அதன் பெற்றோர் யார், பாட்டன் பாட்டி யார் என்று விசாரித்துக்கொண்டே போனால், ஊர்கள் ஒவ்வொன்றாகத் தாமே வழிவிடும்.

அப்படிப்பட்ட பழம் ஒன்று அந்தமானில் எங்கள் ஹேடோ கடைகளுக்கும் எப்போதாவது வருகிறது. இங்கே நாங்கள் தின்னும் திராட்சை எல்லாம் கடல் கடந்து வருவதுதான். சென்னையிலிருந்து ஹேடோ துறைமுகத்துக்குக் கப்பலில் வந்து சேர இரண்டரை, மூன்று நாள் ஆகிவிடும். மெல்லிய தோலும் நிறையச் சாறும் கொண்ட பன்னீர் திராட்சை அவ்வளவு நாள் தாங்காது. காம்பிலிருந்து உதிர்ந்து, கசிந்து, பெட்டியை நனைத்துவிடும். அதனால் நல்ல கொத்து கிடைக்கும் நாளில் அதை அவசரப்பட்டுத் தின்றுவிடக் கூடாது.

ஒரு பழத்தின் தோலை மட்டும் உரித்து மெல்லுங்கள். ஈறும் நாக்கின் ஓரமும் லேசாக இறுகும். சிவப்பு ஒயினுக்கு நிறத்தைத் தருவதும், வாயில் பிடிமானத்தைத் தருவதும் இந்தத் தோல்தான். அடுத்து சதை: முதலில் இனிப்பு, அது அடங்கும்போது புளிப்பு. விதையைக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும். எல்லாம் முடிந்தபின் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை விடுங்கள். ரோஜா வாசம் எழும். ஜெரானியால், லினலூல் போன்ற மணப்பொருள்களின் வேலை அது. ரோஜா எண்ணெயிலும் ஜெரானியால் உண்டு. ஒயின் படிப்பவர் கோப்பையில் தேடுவதும் இவற்றைத்தான். இதைப் பழத்திலேயே பழகிக்கொள்ளலாம். மது அருந்தாதவருக்கும் இந்தப் படிப்பின் வாசல் திறந்தே இருக்கிறது.

பன்னீர் திராட்சையை உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் பிறந்த ரகம் இது. இதன் பெற்றோரை மரபணுச் சோதனை உறுதி செய்திருக்கிறது. ஒன்று ஸ்கியாவா க்ரோஸ்ஸா. மற்றொன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. இத்தாலியர்களுக்கு அது ஜிபிப்போ. அந்த ஜிபிப்போவைப் பெற்றவற்றுள் ஒன்று மொஸ்காட்டோ பியாங்கோ. ஆக, நம் பழத்தின் குடும்பம் இத்தாலியின் மூன்று மூலைகளில் இன்றும் வேர்விட்டு நிற்கிறது.

ஸ்கியாவாவைப் பார்க்க வடகோடிக்குப் போக வேண்டும். ஆல்டோ அடிஜே, ஆல்ப்ஸ் மலையடிவாரம். முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவிடம் இருந்த பகுதி; இன்றும் அங்கே பெரும்பாலோர் பேசுவது ஜெர்மன். மலை நாடு என்றாலும் பொல்சானோ நகரம் கிடக்கும் பள்ளத்தாக்கில் கோடை கொளுத்தும். அந்நகருக்கு மேலே சாந்தா மடலேனா சரிவுகளில் ஸ்கியாவாவைப் பந்தலில் ஏற்றிப் பழைய முறையில் வளர்க்கிறார்கள். பெரிய கொத்து, மெல்லிய தோல். ஆகவே ஒயினும் வெளிர்சிவப்பாக, துவர்ப்புக் குறைந்து, இளமையிலேயே குடிக்க ஏற்றதாக அமைகிறது. பக்கத்து ஊரான மெரானோவில் ஒரு காலத்தில் மருத்துவர்கள் இந்தப் பழத்தையே உடல்நலத்துக்காகத் தினமும் தின்னச் சொல்லியிருக்கிறார்கள். லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட ஸ்கியாவா கொடி ஒன்று இன்றும் காய்க்கிறது.

பாட்டி மொஸ்காட்டோ பியாங்கோ இருப்பது வடமேற்கே, பியட்மான்ட் மாநிலத்தின் ஆஸ்டி குன்றுகளில். பழத்தின் மணத்தைக் கெடுக்காமல் புட்டிக்குள் கொண்டுபோவதுதான் அவ்வூர்க்காரர்களின் கலை. பிழிந்த சாற்றைக் குளிரில் வைத்துக் காப்பார்கள். மூடிய தொட்டியில் புளிக்கவிட்டு, ஆல்கஹால் 5 சதவீதத்தை எட்டும் வேளையில் சட்டென்று குளிரவைத்து, ஈஸ்ட்டை வடிகட்டி நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். மிச்சமிருக்கும் சர்க்கரை இனிப்பாகிறது. அடைபட்ட வாயு மெல்லிய நுரையாகிறது. இதுவே மொஸ்காட்டோ தாஸ்டி.

ஜிபிப்போ வாழ்வது தென்கோடியில், பான்டெல்லேரியா தீவில். ஆள் வாழாத எரிமலையான பாரன் தீவை அயலில் வைத்திருக்கும் அந்தமான்காரர்களுக்கு அந்த நிலம் சட்டென்று புரியும்: எரிமலை கக்கிய கறுப்புக் கல், நான்கு புறமும் கடல், ஓயாத உப்புக் காற்று. பரப்பு 83 சதுர கி.மீ. சிசிலியைவிடத் துனிசியாதான் கிட்ட. அங்கே பந்தல் போட்டால் காற்று பிய்த்து எறிந்துவிடும். அதனால் தரையில் குழி பறித்து, கொடியை அதற்குள் குட்டைச் செடியாக வளர்க்கிறார்கள். குழி காற்றைத் தடுக்கும். கிடைக்கிற கொஞ்ச ஈரத்தையும் வேருக்குச் சேர்க்கும். எந்திரம் நுழைய வழியில்லை. குனிந்த முதுகும் கையும்தான் எல்லாம். 2014இல் யுனெஸ்கோ இந்தச் சாகுபடி முறையை மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. ஆகஸ்டில் பறித்த பழத்தை வெயிலில் உலர்த்தி, பின்னால் பறித்த பழத்தின் சாறு நொதிக்கும்போது அதில் சேர்ப்பார்கள். தேன்நிறத்தில் பிறக்கும் அந்த ஒயினின் பெயர் பாஸ்ஸிட்டோ.

ஒரே குடும்பம், ஓரிடத்தில் பந்தல், ஓரிடத்தில் குழி. ஓரிடத்தில் குளிர் வேலை செய்கிறது, ஓரிடத்தில் வெயில். இத்தாலியில் எந்தப் புட்டியை எடுத்தாலும் மூன்று கேள்விகள் போதும்: என்ன ரகம்? நிலமும் வானிலையும் எப்படி? மனிதக் கை என்ன செய்தது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் பெயர்கள் தாமாக நினைவில் தங்கும்.

இதே கேள்விகளோடு தேனி மாவட்டத்துக்கு வருவோம். பன்னீர் திராட்சை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியாகத் தமிழகம் வந்தது என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் அது படர்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் கொடி குளிர்காலம் முழுக்க இலையுதிர்த்து உறங்கும். கம்பத்தில் அந்த உறக்கத்துக்குக் குளிர் கிடையாது. விவசாயியின் கவாத்துக் கத்திதான் அங்கே பருவத்தை உண்டாக்குகிறது. கவாத்து செய்து ஏறக்குறைய 4 மாதத்தில் பழம் கைக்கு வரும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால், ஆண்டு முழுக்க எங்கேயாவது அறுவடை நடந்துகொண்டே இருக்கும். திராட்சை உலகில் இது அபூர்வம்.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தாலி தன் ஒயின்களின் ஊர்ப்பெயரைக் காக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது 1963இல். ஆனால் அந்த நாட்டுக்குப் பெருமை தேடித்தந்தது பெயர் மட்டுமல்ல. எந்தச் சரிவின் பழம் எப்படி இருக்கும், எந்த மாத மழை எதைக் கெடுக்கும் என்று ஊர்வாரியாக எழுதி வைத்த அறிவு. கம்பத்து விவசாயிகளிடமும் அந்த அறிவு நிறைய இருக்கிறது. அது இன்னும் வாய்ச்சொல்லாகவே உலவுகிறது. எந்த ஊர் மண், எந்த மாதக் கவாத்து, எந்தப் பழத்தில் மணம் கூடுதல் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதத் தொடங்க வேண்டும். இத்தாலியைப் படிப்பதால் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம்: டஸ்கனியின் சாஞ்சோவேசே, சோலாப்பூர் மாவட்டத்து அக்லுஜுக்கு வந்த கதை.